பழைய நாடகங்களைக் கூடி வாசிப்பது பற்றி: மனோன்மணீயத்தில் தொடங்கலாமா?

கேள்வி எழுப்பியவர்: வேளிமலை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். சிறுகதை, நாவல் ஆகியவற்றைக் காட்டிலும் பழைய நாடக நூல்களின்மேல் எனக்குத் தீராத பித்து உண்டு. நாவலாசிரியர் ஒரு பாத்திரம் என்ன நினைக்கிறது என்பதைத் தாமே நம்மிடம் சொல்லிவிடுகிறார். நாடகாசிரியரோ பாத்திரத்தைப் பேசவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அந்தப் பேச்சில் எது மெய், எது பொய் என்று தேறுவது படிப்பவர் பொறுப்பு. சுந்தரம் பிள்ளையின் செய்யுள் நாடகமான மனோன்மணீயத்தில் அமைச்சன் குடிலன் பாண்டியன் ஜீவகன் முன்னிலையில் பேசுவதையும், தனித்திருக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அரசனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிட்டதே என்ற பதைப்பு நூல் முடியும்வரை நம்மைவிட்டு நீங்குவதில்லை. இந்தப் பதைப்புக்காகவே நான் நாடகங்களைத் தேடிப் படிக்கிறேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் சிலர் கூடி நூல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். சில காலம் நாடகங்களை மட்டும் எடுத்துச் சேர்ந்து வாசிக்கலாம் என்று நான் சொன்னபோது, நாடகம் என்பது மேடையில் பார்ப்பதற்கு உரியதேயன்றி உட்கார்ந்து படிப்பதற்கு உரியதன்று என்று இருவர் உறுதியாக மறுத்தனர். மற்றவர்களுக்கு ஆர்வம் இருக்கிறது. ஆனால் செய்யுள் என்றதும் சற்றுத் தயங்குகிறார்கள்.

நாஞ்சில் நாட்டை வைத்தே கதை நடப்பதால் மனோன்மணீயத்தில் தொடங்குவதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் படித்த பலருடைய பட்டச் சான்றிதழில் அந்த நூலின் பெயர் பல்கலைக்கழகப் பெயராக அச்சாகியிருக்கிறது. ஆயினும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அப்பால் ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்களே அவர்களுள் மிகுதி. நூல் முழுவதையும் ஒருவரே வாசிக்க மற்றவர்கள் கேட்பதா, பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு வாசிப்பதா? அதை முடித்தபின் எதற்குச் செல்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: பழையாற்றங்கரை

தம்பி, வணக்கம். மனோன்மணீயத்தில் தொடங்குங்கள். அதற்கு நாஞ்சில் நாட்டுப் பற்று ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. 1891-இல் வெளிவந்த அந்நூல், நடிப்பதைவிடப் படிப்பதற்கென்றே பொருந்திய நாடகம் என்று திறனாய்வாளர் பலராலும் மதிக்கப்பட்டு வந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதைப்பாட்டிலிருந்து கருவை எடுத்துக்கொண்டு, அதைப் பாண்டியன், சேரன், இடையில் நாஞ்சில் நாடு என்று நம் மண்ணில் நட்டுவிட்டார். குருவாகிய சுந்தர முனிவர் சேரன் புருடோத்தமனுக்கே பாண்டியன் மகள் மனோன்மணியை மணம்செய்து கொடுக்கலாம் என்கிறார். தன் மகன் பலதேவனை அரியணையில் ஏற்ற விரும்பும் குடிலன், அவனையே தூதனாக அனுப்பி, மணப்பேச்சு போர்ப்பேச்சாக மாறும்படி செய்கிறான். மணம் பேசப் போன இடத்தில் நாஞ்சில் நாட்டு உரிமை வழக்காகிறது. எல்லை வழக்கு என்பது குமரி மாவட்டத்தாருக்குப் புதியதா என்ன? 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு சேரும்வரை நம் பெரியவர்கள் பேசித் தீராத பேச்சு அல்லவா அது!

படிக்கும் முறைக்கு வருகிறேன். கண்ணால் மட்டும் படித்தால் ஆசிரியப்பா சோர்வு தரும். வாய்விட்டுப் படித்தால் அதுவே பேச்சாகிவிடும். ஓரடியின் முற்பகுதியை ஒரு பாத்திரமும் எஞ்சிய சீர்களை மற்றொரு பாத்திரமும் பேசும் இடங்களைக் கவனியுங்கள். அங்கே இரண்டாமவர் ஒரு நொடி தாமதித்தாலும் அடி ஒடிந்துபோகும். முதலாமவர் முடிப்பதற்குள் இவர் தொடங்கக் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் அரசன் பேச்சு முடியுமுன்பே குடிலன் எப்படி விடையோடு ஆயத்தமாக இருக்கிறான் என்பது காதுக்குப் புலப்படும். ஆகையால் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டே வாசியுங்கள்; ஒருவரே வாசித்தால் இந்த நயம் முழுவதும் போய்விடும்.

என் மாணவர்களுக்கு நான் முதலில் படித்துக்காட்டுவது நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசும் பகுதியை. காதலிலும் அரசியல் சூழ்ச்சியிலும் சிக்கிய ஒரு நாடகத்தின் நடுவில் ஒருவன் வயல்வெளியில் நின்று ஒரு மண்புழுவிடம் பேசுகிறான். 'உழுவோர்க் கெல்லாம் விழுமிய வேந்துநீ' என்று அதைப் போற்றி, எந்த மண்ணையும் நன்மண் ஆக்கும் அதன் ஓயாத உழைப்பை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். டார்வின் மண்புழுக்களைப் பற்றி எழுதிய நூல் 1881-இல் வெளிவந்தது. பேராசிரியர் அதைக் கண்டிருப்பாரோ என்று எண்ணத் தோன்றும். கண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், வயலில் குனிந்து பார்த்த கண் ஒன்று அந்த அடிகளுக்குள் இருக்கிறது. செய்யுள் என்றால் அஞ்சும் உங்கள் நண்பர்களிடம் கதைச் சுருக்கம்கூடச் சொல்லாமல் அந்தப் பகுதியை மட்டும் முதல் நாளில் வாசித்துக்காட்டுங்கள்.

இடையில் வரும் 'சிவகாமி சரிதம்' தனிக் கதை. அதைத் தனியாக ஓர் அமர்வில் வைத்துக்கொள்ளலாம். நாடகத்தின் ஓட்டத்தில் அதை வாசித்தால் அயர்ச்சி வரும் என்பது என் கருத்து. இதற்காகத் தமிழாசிரியர்கள் சிலர் என்மேல் சினம் கொள்ளக்கூடும்.


பதில்: குளச்சல் காற்று

மேலே எழுதிய ஐயாவின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. எனினும் உங்கள் நண்பர்கள் இருவரும் சொன்னதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாடகம் மேடைக்கு உரியது என்பது இன்று நேற்று வந்த எண்ணம் அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடும் அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக இருக்க வேண்டும் என்றும், ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல் அளவு என்றும் கணக்கிட்டுச் சொல்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைகளும் மூவகை. விளக்கின் நிழல் எங்கே விழ வேண்டும் என்பது வரைக்கும் கவலைப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவு அளந்து மேடை கட்டியவர்கள், நூலகத்து நாற்காலியில் அமர்ந்து வாசிப்பதை நாடகம் என்று ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது ஐயமே.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை அச்சில் படித்துப் பாருங்கள். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் தாளில் சில பக்கங்களே இருக்கும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா மேடையில் அது மணிக்கணக்கில் நீள்கிறது. நடிகரின் கல்வியையும் வாய்ச்சாலத்தையும் பொறுத்து ஒவ்வோர் ஊரிலும் வேறாகிறது. மெட்டுத் தெரியாமல் அந்தப் பாடல்களைப் படிப்பவருக்குக் கிடைப்பது சக்கை மட்டுமே. சுவாமிகளிடம் 1918-இல் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்ற டி.கே.எஸ். சகோதரர்களும், பின்னர் அவர்கள் குழுவில் சேர்ந்து வளர்ந்த நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும் நாடகத்தைப் படித்து வளர்ந்தவர்கள் அல்லர். பாடம் கேட்டு, ஒத்திகையில் அடிபட்டு, மேடையில் நின்று வளர்ந்தவர்கள். அச்சகோதரர்களுள் ஒருவரான டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யை உங்கள் பட்டியலில் நாடகங்களுக்கு முன்னதாகவே வையுங்கள். ஒரு நாடகப் பிரதிக்குப் பின்னால் எத்தனை ஊர்ப் பயணம், பசி, கடன் ஆகியவை உள்ளன என்பது அதன்பின் தெரியும்.

படிப்பதற்கென்றே எழுதியதாகச் சொல்லப்படும் மனோன்மணீயம்கூட 1942-இல் 'மனோன்மணி' என்ற பெயரில் திரைப்படமாகி, பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடிக்க மக்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். வாசிப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசித்த நாடகத்தின் ஒரு களத்தையேனும் எழுந்து நின்று, கையில் தாள் இல்லாமல் நடித்துப் பாருங்கள் என்கிறேன்.


பதில்: மணலிக்கரைப் பக்கத்து வீடு

மனோன்மணீயத்தை முடித்தபின் எதற்குச் செல்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தக்கலைப் பக்கத்துக்காரர் என்பதால் சொல்கிறேன்: உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில்தான் வடமொழி நாடக வரலாற்றையே மாற்றிய சுவடிகள் கிடைத்தன. அதை நம் மாவட்டத்திலேயே பலர் அறியார்.

பாசன் என்றொரு பெரும் நாடகாசிரியர் இருந்தார் என்பது நெடுங்காலமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காளிதாசரே மாளவிகாக்னிமித்திரத்தின் தொடக்கத்தில், பாசன் போன்ற புகழ்பெற்றவர்களின் நாடகங்கள் இருக்கையில் புதியவனான என் நாடகத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கும்படி ஓர் உரையாடலை அமைத்திருக்கிறார். ஆனால் நாடகங்கள் கிடைக்கவில்லை. பெயரும் சில மேற்கோள்களுமே எஞ்சியிருந்தன. திருவிதாங்கூர் அரசின் சுவடிப் பணியில் இருந்த கணபதி சாஸ்திரி, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்மநாபபுரத்துக்கு அருகில் உள்ள மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் எழுதப்பட்ட ஓர் ஓலைச் சுவடிக் கட்டைக் கண்டெடுத்தார். அதில் இருந்த நாடகங்களையும் பின்னர் வேறிடத்தில் கிடைத்தவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று நாடகங்கள் 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சேறின. இவற்றின் முன்னுரைப் பகுதியில் ஆசிரியர் பெயர் இல்லாததால், எல்லாம் பாசனுடையவைதாமா, கேரளக் கோயில்களில் வடமொழி நாடகம் ஆடும் சாக்கையர்கள் மேடைக்கென்று வெட்டி ஒட்டியவையா என்ற வழக்கு அறிஞர்களிடையே தீரவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எவர் எழுதியதாயினும் 'ஊருபங்கம்' பெரிய நாடகம்.

அது ஓரங்க நாடகம். ஒரே அமர்வில் வாசித்து முடிக்கலாம். போர்க்களத்தைப் பார்த்துப் பேசும் மூன்று வீரர்களோடு தொடங்குகிறது. அந்தப் பகுதியை மூன்று பேரிடம் கொடுத்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கும்படி வாசிக்கச் செய்தால், கண்ணுக்குக் காட்டாத போரைக் காது பார்த்துவிடும். நம் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. புலவர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் அதை வாங்கிக்கொள்வதைக் கேட்டே நாம் போர்களையும் கொலைகளையும் கண்டிருக்கிறோம்.

தொடை முறிந்து, எழ முடியாமல் தரையில் தவழ்ந்து வரும் துரியோதனன்தான் அந்நாடகத்தின் தலைவன். பலராமன் பீமனைக் கொல்லச் சினந்து எழும்போது அவனைத் தடுப்பவனும் இவனே. கண் தெரியாத தந்தையும், கண்ணைக் கட்டிக்கொண்ட தாயும், மனைவியரும் அவனைத் தேடிக் களத்துக்கு வருகிறார்கள். மகன் துர்ஜயன் ஓடிவந்து வழக்கம்போல மடியில் உட்காரப் போகிறான். தந்தை அவனை விலக்குகிறான். பிள்ளைக்குக் காரணம் புரியவில்லை. அங்கே பேச்சு மிகச் சிறியது. ஆகவே வாசிப்பவர் அவசரப்படாமல் இருக்க வேண்டும். அதன்பின் அவன் மகனுக்குச் சொல்லும் அறிவுரை என்ன தெரியுமா? எனக்குப் பணிசெய்வது போலவே பாண்டவர்க்கும் பணிசெய் என்பது. மகாபாரதத்தில் நாம் வெறுத்த துரியோதனனைப் பற்றி மறுபடி சிந்திக்காமல் இந்த நாடகத்தை விட்டு எழ முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. கிரேக்கர்கள் கொலையையும் சாவையும் பெரும்பாலும் மேடைக்கு வெளியே வைத்துவிட்டு, தூதன் ஒருவன் ஓடிவந்து சொல்லும்படி செய்வார்கள். சோபக்ளிசின் ஈடிப்பஸ் தன் கண்ணைக் குத்திக்கொள்வதையும் நாம் கேட்கத்தான் செய்கிறோம். வடமொழி நாடக இலக்கணமும் மேடையில் சாவைக் காட்டுவதை விலக்குகிறது. ஊருபங்கமோ அந்த விலக்கை மீறித் துரியோதனனைப் பார்ப்பவர் கண்முன்னேயே, ஆயிரம் அன்னங்கள் பூட்டிய விமானம் தன்னை அழைத்துச் செல்ல வருவதாகச் சொல்லிக்கொண்டே சாகவிடுகிறது. ஊருபங்கத்துக்கு அடுத்த வாரம் ஈடிப்பசை எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். தமிழில் நல்ல பெயர்ப்பு கைக்குக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்; நம் பக்கத்தில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாத ஊர் ஏது? அவர்களுள் ஒருவர் மலையாளப் பெயர்ப்பைப் பார்த்து வாய்மொழியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்பதும் ஒரு வாசிப்பே. சாகுந்தலத்துக்கு மறைமலை அடிகளின் பெயர்ப்பும், மிருச்சகடிகத்துக்குப் பண்டிதமணி கதிரேசச் செட்டியாரின் 'மண்ணியல் சிறுதே'ரும் இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடிகளின் தனித்தமிழ் நடை எனக்கு முழுவதும் உவப்பானது அன்று என்பதையும் சொல்லிவைக்கிறேன்.


மறுமொழி: வேளிமலை வாசகன்

அனைவருக்கும் நன்றி. மணலிக்கரை வழியாக எத்தனையோ முறை போய்வந்திருக்கிறேன். அந்த மடத்தின் பெயரோடு பாசன் சேர்ந்திருப்பதை இப்போதுதான் அறிகிறேன். குளச்சல் அன்பர் சொன்னபடி ஒரு களத்தை நடித்துப் பார்ப்பதற்கும் இசைவு கிடைத்திருக்கிறது. மறுத்த இருவருமே அதற்கு முன்வந்துவிட்டார்கள்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. எங்கள் குழுவில் பெண்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். மனோன்மணீயத்தில் மனோன்மணி, வாணி, செவிலி என்று பெண் பாத்திரங்கள் குறைவு; அரசவைக் களங்களில் அவர்களுக்கு வேலையே இல்லை. மேலும், ஆசிரியப்பாவை உரக்கப் படித்துப் பழகாத சிலர் சீர் பிரிக்கத் தெரியாமல் தடுமாறி, அதனால் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார்கள். இவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது?


பதில்: மயிலாடி ஆசிரியை

முதல் ஐயத்துக்கு விடை எளிது. குடிலனை ஒரு பெண் வாசிக்கட்டும். பாலர் நாடகக் குழுக்களின் காலத்தில் சீதையும் தமயந்தியும் வள்ளியும் பையன்கள்தாம், டி.கே. சண்முகம் வளர்ந்தபின் ஔவையாராக நடித்துப் பெற்ற புகழால்தான் அவர் பெயருக்கு முன் ஔவை சேர்ந்தது. ஆண் கிழவியாகலாம் என்றால் பெண் அமைச்சனாகக் கூடாதா? எங்கள் பள்ளியில் குடிலனை வாசித்த ஒரு மாணவி, குரலைச் சிறிதும் உயர்த்தாமல், அரசனிடம் மிகுந்த பணிவோடு பேசுவது போலவே முழுவதும் வாசித்தாள். முரட்டுக் குரலில் வாசித்த பையன்களைவிட அவளுடைய குடிலன்தான் எங்களை அச்சுறுத்தினான்.

இரண்டாவது ஐயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது நாடகம் அன்று. கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய'த்தை மனோன்மணீயத்துக்கு முன்னால் வையுங்கள். ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல் அது. சொத்து முழுவதும் உடன்பிறந்தாள் மகனாகிய மருமகனுக்குப் போகும் முறையில், கட்டிய மனைவிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் அந்த வீட்டில் என்ன இடம் என்பதை அவள் அழுகையும் ஏளனமும் கலந்து சொல்லிக்கொண்டே போகிறாள். மேடை இல்லை, களம் இல்லை. ஆனால் மாமியார் எப்படிப் பேசினாள், மற்ற மனைவியர் எப்படிப் பேசினார்கள் என்று அவளே எல்லோருடைய குரலையும் எடுத்துப் பேசுவதால், ஒருவர் வாய்க்குள் ஒரு நாடகமே நடக்கிறது. அதுவும் அகவல் எனப்படும் ஆசிரியப்பா நடையே. எனினும் சொற்கள் நம் வீட்டுச் சொற்கள் என்பதால் எவரும் தடுமாறுவதில்லை. 'மாமி அரசியற் படல'த்தை உங்கள் குழுவில் உள்ள மூத்த பெண் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு படலங்கள் உரக்கப் படித்தவருக்குச் சீர் தானாகப் பிடிபட்டுவிடும். அதன்பின் சுந்தரம் பிள்ளையின் அடிகள் மிரட்டா.

நடைமுறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாத்திரங்களைப் பிரிக்கும்போது மேடைக் குறிப்புகளை வாசிக்கவும் ஒருவரை நியமியுங்கள். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். இப்சனின் 'பொம்மை வீடு' நோரா வெளியேறியபின் கீழே கதவு மூடப்படும் ஒலியோடு முடிகிறது. அந்த ஒலி எவருடைய உரையாடலிலும் இல்லை, குறிப்பில்தான் இருக்கிறது. அதை வாசிக்க ஆள் இல்லையென்றால் 1879-இல் ஐரோப்பாவையே கொதிக்கச் செய்த அந்த முடிவு உங்கள் நூலகத்தில் எவர் காதிலும் விழாது. குறிப்பு வாசிப்பவர் நடிக்கக் கூடாது. செய்தி வாசிப்பது போல் வாசித்தால் போதும்.

ஷேக்ஸ்பியருக்குச் செல்லும்போது பம்மல் சம்பந்த முதலியாரின் 'அமலாதித்ய'னையும் 'வாணீபுர வணிக'னையும் மறந்துவிடாதீர்கள். ஹாம்லெட்டுக்கு இந்தியப் பெயர் சூட்டியதைப் பார்த்து இன்றைய இளைஞர்கள் முதலில் சிரிப்பார்கள். ஆனால் அவர் மேடை தெரிந்தவர். வாய்க்குள் அடங்காத வாக்கியத்தை நடிகரிடம் கொடுக்கமாட்டார்.


பதில்: பழையாற்றங்கரை

ஆசிரியை அம்மா சொன்ன வரிசையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கவிமணியை முன்னால் வைக்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வியக்கிறேன். குளச்சல் அன்பருக்கு ஒரு சொல்: நாங்கூழ்ப் புழுப் பகுதியை மேடையில் எப்படி நடிப்பது என்று நீங்கள் காட்டினால் பார்க்க நான் முதல் வரிசையில் அமர்வேன்.

தம்பிக்கு இன்னும் ஒன்று. மனோன்மணீயத்தின் மூலம் மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கைபேசியில் பார்த்து வாசிக்கச் சொல்லாதீர்கள். அடிகள் திரை அகலத்துக்கு ஏற்ப உடைந்து, எந்தச் சீர் எவருடையது என்று தெரியாமல் போகும். முதல் அங்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வேறு வேறு நிறத்தில் கோடிட்டுக் கொடுங்கள். குடிலன் தனியே பேசும் இடம் வந்ததும் அவனை வாசிப்பவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்று வாசிக்கட்டும். அரசனை வாசிப்பவர் அங்கேயே உட்கார்ந்து தம் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உங்கள் நூலகத்துக்கு வேறு எழினி தேவைப்படாது.